இருநூற்றுப் பதினேழாம் இடம்

இந்தக் கதையை நான் ஆறு வருடமாக முழுதாக நம்பவில்லை. இதில் வருகிற எல்லோரையும் எனக்குத் தெரியும். சில இடங்களில் நானும் பக்கத்தில் இருந்தேன். மீதியைச் சொன்னவர் கஸ்பார். அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை அவர் சொல்லி முடிக்கும்போதும் ஏதோ ஒன்று குறைவதாகவே எனக்குப் படும். ஒருவேளை குறை கேட்கிறவனிடம்தானோ என்றும் யோசித்திருக்கிறேன்.

தூத்துக்குடியில் எங்களுக்கு ஒரு குரு உண்டு. அப்படிச் சொன்னால் அவர் சிரிப்பார். பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் ஜைனம்பு டீச்சர். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு மாடியில் ரெக்கார்டு பிளேயர்களைப் பழுது பார்ப்பார். ஊசி மாற்ற வந்து, மாற்றிய பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான் சீடர்கள். எல்லோருமே அவரைவிட மூத்த ஆண்கள். நான் பிளேயர் பெல்ட் அறுந்து வந்தவன்.

முதல் சீடர் இன்னாசி. அறுபத்து மூன்று வயது. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கப்பலுக்குள் சரக்கு அடுக்குவதை மேற்பார்வை பார்த்தவர். எந்த மூட்டைக்கு மேல் எந்தப் பெட்டி, எது முதலில் ஏறி எது கடைசியில் இறங்க வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஓய்வு பெற்றபின் அடுக்குவதற்கு அவர் கணக்கில் இருந்தவை நானூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகள்.

அவற்றுக்காக ஹாலின் ஒரு சுவர் முழுக்க அலமாரி செய்தார். நாலு வரிசை. ஒரு தட்டுக்கு ஒரு இடம். இடத்துக்கு இடம் மெல்லிய பலகைத் தடுப்பு. ஒவ்வொன்றின் கீழும் பித்தளையில் எண். அலமாரிக்கு வெகுகாலம் முன்பே அதே எண்ணைத் தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில் வெள்ளைப் பென்சிலால் தன் கையாலேயே எழுதியிருந்தார். மேலே சின்னச் சின்ன விளக்குகள். ஆசாரி தன் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு மற்ற வீடுகளில் காட்டினார் என்று கேள்வி.

ஒரே ஒரு இடம் மட்டும் காலி. மூன்றாம் வரிசை, சோபாவில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே. அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

"217. வெளியே உள்ளது. கஸ்பார்."

கஸ்பார் இன்னாசியின் சகலை. இன்னாசியின் மனைவி செலின் அக்கா, கஸ்பாரின் மனைவி பிலோமினா தங்கை. பிலோமினா, ஜைனம்பு டீச்சரின் பள்ளியில்தான் நூலகராக இருந்தார்.

217 கடையில் கிடைக்கிற தட்டு இல்லை. செலினுக்குப் பதினேழு வயதும் பிலோமினாவுக்குப் பதினைந்து வயதும் இருக்கும்போது அவர்களுடைய கோயில் பாடகர் குழு மதராசுக்கு ரயிலில் போய்ப் பாடிப் பதிவு செய்த மாதா பாடல்கள். இருநூறு தட்டு அடித்தார்கள். குடும்பத்துக்கு வந்தது ஒன்று. அது மூத்த பெண்ணோடு இன்னாசி வீட்டுக்குப் போயிற்று. மற்றவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் கூடியிருந்து அதைப் போட்டுக் கேட்டார்கள். அடுத்த வாரம் பார்த்தால் தட்டு இல்லை. இன்னாசி கோயில் வாசலில், பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில், கஸ்பாரை நிறுத்தினார்.

"எடுத்ததைக் கொடுத்திரும்வே."

"நான் எடுக்கல."

"தட்டைத் தூக்கிப் பாத்து இது எனக்கு வேணும்னு நீருதானே சொன்னீரு?"

"சொன்னேன். எடுக்கல."

அதற்குப்பின் பன்னிரண்டு வருடம் இருவரும் பேசவில்லை. அக்காளும் தங்கையும் கோயில் வாசலில் நின்று பேசிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போக்குவரத்து இல்லை.

அலமாரி வந்தபிறகு அதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்கள். இன்னாசியும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார்.

அந்த வருடம் அவர் மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. ஜனவரியில் நிச்சயம், அந்த ஹாலிலேயே. செலின் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"பிலோமி வராம என் மகளுக்கு நிச்சயம் கிடையாது. அவ புருஷன் பேரைச் சுவத்துல ஒட்டி வச்ச வீட்டுக்கு அவ எப்படி வருவா?"

"சீட்டை எடுத்தா நான் பொய் சொன்னதா ஆகும்."

"அப்ப நிச்சயத்தைச் சீட்டோட நடத்துங்க. நான் கோயில்ல இருக்கேன்."

அடுத்த ஞாயிறு இன்னாசி டீச்சரிடம் வந்தார். நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம்.

"டீச்சர், ஓட்டை தெரியாம எப்படி அடுக்குறது?"

"வெறும் அட்டையை ஒண்ணு சொருகும்" என்றார் ஒருவர்.

"அது ஏமாத்து."

"218-ஐ நகத்தி 217-ல வையும்."

"அப்ப நூத்தித் தொண்ணூத்தஞ்சு தட்டுக்கும் நம்பரை மாத்தணும். மாத்தினா போனது போனதுதாம்னு ஆயிரும்லா? அது போகல. இருக்கிற இடம் எனக்குத் தெரியும்."

டீச்சர் கையிலிருந்த திருகாணியை ஒரு மூடியில் போட்டார்.

"வீட்டுக்கு வந்து பாக்குதேன் அண்ணாச்சி."

வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அலமாரி முன்னால் போய் நின்றார். இன்னாசி எல்லா விளக்கையும் போட்டார்.

"நல்லா இருக்கு."

"எதைப் பாத்தீங்க டீச்சர்?"

"எல்லாரும் பாக்கிறதைத்தான்."

சமையலறையிலிருந்து செலின் சிரிப்பது கேட்டது.

டீச்சர் கைக்கு வந்த ஒரு தட்டை உருவி, உறையிலிருந்து எடுத்து, விளக்கில் சாய்த்துப் பார்த்தார். வட்ட வட்டமாக வெள்ளைப் பூஞ்சை. கடல்காற்று ஊரில் கை படாமல் இருக்கிற எதிலும் அது வந்துவிடும்.

"இதைக் கடைசியா எப்பக் கேட்டீங்க?"

"அலமாரி செய்யதுக்கு முன்னே."

இன்னொன்றை உருவினார். "இது?"

"அதுக்கும் முன்னே."

"அப்ப தினமும் எதைத்தான் கேக்குதீங்க?"

செலின் வாசற்படிக்கு வந்து நின்று பதில் சொன்னார்.

"217-ஐத்தான் டீச்சர். காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். வீட்டுக்கு வாரவங்களுக்கும் அதையேதாம் போட்டுக் காட்டுவாங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. தட்டை உறைக்குள் வைத்தார்.

"ஒரு நாளைக்கு நாலு தட்டு. எடுங்க, கழுவுங்க, காய வைங்க, ரெண்டு பக்கமும் கேளுங்க. அப்புறம் இடத்துல வைங்க. ஒண்ணுலருந்து கடைசி வரைக்கும்."

இன்னாசி மனசுக்குள் கூட்டினார். "நூத்தி மூணு நாளு. நிச்சயத்துக்கு நூத்திப் பத்து நாளு இருக்கு."

"போதும்."

"அப்புறம்?"

"அப்புறம் எப்படி அடுக்கணும்னு கேளுங்க."

மறுநாளே தொடங்கினார். குளியலறையில் முக்காலி போட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, நடுக் காகிதம் நனையாமல், பஞ்சால் வட்டம் மாறாமல் துடைப்பார். காய வைக்க வீட்டில் தோதாக இருந்தது செலினின் எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டு.

"சோறு எதுல வைக்கட்டும்? உங்க பாட்டுத் தட்டுலயா?" என்று செலின் கேட்டார். ஸ்டாண்டை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.

காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. மாடிவீட்டுக்காரர் "விசேஷமா?" என்று விசாரித்தார். இன்னாசிக்கே மறந்துபோன பாட்டுகள் வந்தன. ஒரு நாதசுரத் தட்டில் நடுவே யாரோ இருமுவது கேட்டது. அதைக் கேட்க செலினை அழைத்தார். செலின் ஈரக் கையோடு வந்து நின்று, "பாவம், அந்த ஆளு இன்னும் இருமிக்கிட்டே இருக்காரு" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த ஹாலில் அவர்கள் சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று இன்னாசி அப்போது நினைத்தாராம். இதையும் கஸ்பார்தான் எனக்குச் சொன்னார். கஸ்பாருக்கு இன்னாசி சொன்னது.

நாற்பதாம் நாள்போல டீச்சர் வந்து பார்த்தார். கடைசி வரிசையில் ரொம்ப மோசமாகப் பூத்திருந்த முப்பதைப் பிரித்து வைத்தார்.

"இது உங்க பஞ்சுக்கு அடங்காது. நான் கழுவிக் கொண்டாரேன்."

ஆட்டோவில் எடுத்துப் போனார். பத்து நாளில் அவரே கொண்டு வந்து, உறை உறையாக, எண் பார்த்து வைத்துவிட்டுப் போனார்.

தொண்ணூற்றேழாம் நாள் சாயங்காலம் இன்னாசி 388-ஐ உருவினார். உருவியபோதே கைக்குத் தெரிந்தது. கனம் சரியில்லை. சரக்கு அடுக்கிய கை. உறைக்குள் விரலை விட்டார். இரண்டு தட்டு இருந்தன.

இரண்டாவதன் நடுவில் வெள்ளைப் பென்சிலில் அவருடைய கையெழுத்து. 217.

கழுவ வேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. அப்படியே பிளேயரில் வைத்து ஊசியை இறக்கினார். சமையலறையில் எதுவோ கீழே விழுந்தது. செலின் ஹாலுக்கு வந்தார். அவருடைய பதினேழு வயதுக் குரல் ஹால் முழுக்க நிறைந்திருந்தது. அதோடு தங்கையின் குரல், ஒரு படி மேலே.

முதல் பாட்டு முடிந்ததும் இன்னாசி ஊசியைத் தூக்கி வைத்தார். அலமாரியிலிருந்து சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தே கஸ்பார் வீட்டுக்குப் போனார்.

கஸ்பார் வாசலில் நின்றிருந்தார்.

"வாரும்வே. தெருவு மறந்திருக்கும்னு நெனச்சேன்."

"கஸ்பாரு, தட்டு என் வீட்டுலயேதாம் இருந்திருக்கு. வேற உறைக்குள்ள."

கஸ்பார் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நாந்தாம் மாத்தி வச்சிருக்கேன். ஊருக்கு முன்னால உம்மளச் சொல்லிட்டேன்."

"உக்காரும்."

"ஏதாவது சொல்லும்வே. ஏசவாவது செய்யும்."

"காப்பி குடிக்கீரா?"

இன்னாசி சீட்டை நீட்டினார். கஸ்பார் அதைப் படித்துப் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிலோமினா காப்பி கொண்டு வர நெடுநேரம் ஆயிற்று. காப்பியில் சர்க்கரை இல்லை. இன்னாசி அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

கஸ்பார் இந்தக் கதையை இந்த இடத்தில்தான் முடிப்பார். தொடையைத் தட்டி, "பாத்தீரா, கடைசியில அவரு வீட்டுலயே!" என்று சிரிப்பார். பத்துத் தடவைக்குமேல் கேட்டிருக்கிறேன். குறைவது என்ன என்று எனக்குப் பிடிபட்டது ஐந்தாவது தடவையிலோ ஆறாவது தடவையிலோதான். அதில் கோபம் இல்லை. பன்னிரண்டு வருடம் செய்யாத தப்புக்குப் பேர் வாங்கிய மனிதன், சொல்லும்போது ஒரு தடவையாவது பல்லைக் கடிக்க மாட்டானா? நானாக இருந்தால் அந்தக் காப்பியைக் கொடுத்திருக்க மாட்டேன்.

நிச்சயத்துக்கு நானும் போயிருந்தேன். சீட்டு இருந்த இடத்தில் 217 இருந்தது. மோதிரம் மாற்றிய பிறகு இன்னாசி அதை எடுத்துப் போட்டார். அக்காளும் தங்கையும் அலமாரி ஓரமாக நின்று, தட்டோடு சேர்ந்து மெதுவாகப் பாடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

இரண்டாவது பாட்டில் ஒரு கீறல். ஊசி இரண்டு சொல்லைத் தாண்டிக் குதித்தது. செலின் தாண்டாமல் பாடிப் பின்தங்கிப்போய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிலோமினா பின்தங்கவில்லை. ஊசி குதித்த இடத்தில் அவரும் குதித்தார். மூச்சுகூட இடறவில்லை.

"இது முன்னே குதிக்காதே" என்றார் இன்னாசி. பிளேயர் மேல் கை வைத்தபடியே நின்றார். நான் கஸ்பாரைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு டீச்சர் வீட்டு மாடி. டீச்சர் கண்ணில் லென்ஸ் வைத்து ஒரு ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னாசி வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"388 நீங்க கழுவித் தந்த முப்பதுல ஒண்ணு. அதுக்குள்ள ரெண்டு தட்டு கிடந்திருந்தா உங்க கைக்குத் தெரிஞ்சிருக்கும்."

டீச்சர் லென்ஸை எடுக்கவில்லை.

"அப்புறம் அந்தக் கீறல். அது என் வீட்டுல விழுந்தது இல்ல. அது 388-க்குள்ள எப்படி வந்துச்சு?"

"அண்ணாச்சி, 217-ல இப்ப என்ன இருக்கு?"

"217 இருக்கு."

"சோபாவுல உக்காந்தா கண்ணு எங்க போகுது?"

இன்னாசி யோசித்தார். "இன்ன இடம்னு இல்ல. நேத்து அறுபத்தி மூணுக்குப் போச்சு. அந்த இருமல்காரரு. செலினும் நானும் இன்னொரு தரம் போட்டுக் கேட்டோம்."

"அப்ப 388-ல என்ன தேடுதீங்க?"

இன்னாசி மேசையில் கிடந்த ஒரு பழைய பெல்ட்டை எடுத்துச் சுருட்டினார். டீச்சர், "அந்த விளக்கைக் கிட்டக் காட்டுங்க" என்றார். இன்னாசி காட்டினார். ஊசி சரியாகும்வரை கை நடுங்காமல் பிடித்திருந்தார்.

படி இறங்கும்போது நான் கேட்டேன். "எப்படி அடுக்கணும்னு டீச்சர்கிட்டக் கேக்கலியா?"

"அடடா" என்றார். "மறந்தே போச்சு."

அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அதே மேசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்தும் பெல்ட் மாட்டத்தான் கற்றுக்கொண்டேன்போல. நிச்சயத்தன்று நான் பார்த்ததை என்ன செய்வது என்று தெரியாமல் ஆறு வருடம் வைத்திருந்தேன். எனக்கு வேண்டியது உண்மையா, இல்லை அடுத்தவர் வீட்டு அலமாரியில் இன்னொரு ஓட்டையா? இதையும் பலமுறை என்னிடமே கேட்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, இன்னாசி வீட்டில் மீன்குழம்புச் சாப்பாடு முடித்து நானும் கஸ்பாரும் பஸ்ஸுக்கு நடந்தோம். பிலோமினா தன் அக்காளோடு அங்கேயே தங்கிவிட்டார். இப்போதெல்லாம் அப்படித்தான். கஸ்பார் கையில் தூக்குவாளி. வழியில் மறுபடியும் கதையைத் தொடங்கினார். முடிக்கும்போது தொடையைத் தட்ட முடியாமல் தூக்குவாளியைத் தட்டினார்.

"பாத்தீரா, கடைசியில அவரு வீட்டுலயே!"

பிறகு பர்ஸைத் திறந்து, மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாலாக மடித்த மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. விரித்துக் காட்டினார். 217. வெளியே உள்ளது. கஸ்பார்.

"இன்னும் வச்சிருக்கீங்களா?"

"என் பேருலா போட்டிருக்கு" என்றார். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். தாளை அதே மடிப்பில் மடித்து, படத்துக்குப் பின்னால், அது இருந்த இடத்திலேயே வைத்தார்.

பஸ் இன்னும் வரவில்லை. நான் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, தட்டு பிலோமினா அக்காகிட்டத்தான் இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"